புது வைரஸ் வந்தால் எந்த விலங்கில் பார்ப்பது? எலி ஏன் பல சமயம் போதாது

ஈரோட்டுப் பக்கம் நுண்ணுயிரியல் முதுகலை படிக்கும் ஒருவர் கேட்டது இது: "ஏனுங்க, கேரளாவுல நிபான்னு சொன்னா உடனே வாளையார்ல காய்ச்சல் பார்க்க ஆரம்பிச்சர்றாங்க. நாளைக்கு நம்ம பக்கத்துலயே பேர் தெரியாத வைரஸ் ஒண்ணு வந்துதுன்னா, முதல்ல எந்த மிருகத்துல வெச்சுப் பார்ப்பாங்க? எங்க காலேஜ் அனிமல் ஹவுஸ்ல சுண்டெலியும் விஸ்டார் எலியும்தானுங்க இருக்குது. அதுல பார்த்தாப் போதாதுங்களா? எதுக்குங்க குரங்கு வரைக்கும் போறாங்க?"

கேள்வி விலங்கின் பெயரைக் கேட்பதுபோல இருக்கிறது. உண்மையில் இவர் கேட்பது வேறு. ஒரு விலங்கில் கிடைக்கும் முடிவை மனிதனுக்கு எவ்வளவு தூரம் நம்பலாம், அதை முன்கூட்டியே எப்படி எடைபோடுவது என்பதுதான். பெயரை மட்டும் சொல்வதென்றால் ஒரு வரியில் முடித்துவிடலாம்: சுவாச வைரஸ் என்றால் ஹாம்ஸ்டரும் (குட்டை வால் கொண்ட எலியினம்) ஃபெரட்டும் (கீரி போன்ற சிறு விலங்கு), டெங்கு, ஜிகா வகை என்றால் இன்டர்ஃபெரான் (வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் புரதம்) வேலை செய்யாதபடி அதன் ஏற்பியை நீக்கிய சுண்டெலி, கடைசிக் கட்டத்தில் குரங்கு. ஆனால் அந்த ஒரு வரியை வைத்து யாரும் வேலை செய்ய முடியாது. பொள்ளாச்சி சந்தைக்குப் போகிறவர் உழவுக்கா, வண்டிக்கா, பாலுக்கா என்று முடிவு செய்யாமல் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதில்லை. இங்கேயும் அதே கதைதான். நோய் உடலுக்குள் எப்படிப் பரவுகிறது என்று தெரிய வேண்டுமா? தடுப்பூசி வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமா? மருந்தைச் சோதிக்க வேண்டுமா? ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிறதா என்று அறிய வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு விலங்கு சரிப்படும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே விலங்கு எந்த வைரஸுக்கும் இதுவரை கிடைத்ததில்லை.

முதல் துப்பு ஆய்வகத்தில் கிடைப்பதில்லை, வெளியில்தான் கிடைக்கும். மலேசியாவில் 1998-99இல் நிபா வெடித்தபோது பண்ணைப் பன்றிகள் இருமின, அவற்றைப் பராமரித்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டு நோய் தெரியவந்தது, காட்டில் குரங்குகளும் மந்திகளும் செத்து விழுந்ததால்தான். நமக்கு மேற்கே முதுமலையில் 2012 கடைசியில் இறந்து கிடந்த குரங்குகளிலும் அதே வைரஸ் இருந்தது உறுதியானது. கொரோனா காலத்தில் டென்மார்க், நெதர்லாந்தில் ரோமத்துக்காக மிங்க் என்னும் விலங்கை வளர்க்கும் பண்ணைகள் மாட்டிக்கொண்டன. ஆகவே புது நோய் ஒன்று வந்தால் முதலில் பேச வேண்டிய ஆள் அந்த ஊர் கால்நடை மருத்துவர். எந்த ஆடு, மாடு, நாய், பன்றி, கோழி அந்த வாரத்தில் நோயுற்றது, எது செத்தது, அதே வீட்டில் இருந்தும் எதற்கு ஒன்றும் ஆகவில்லை என்ற பட்டியல், எந்தக் கணினிக் கணிப்பையும்விட மதிப்புள்ளது. ஒரு விலங்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் தகவல்தான். அதை யாரும் எழுதி வைப்பதில்லை என்பதுதான் வழக்கமான குறை.

அடுத்தது ஏற்பி. வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் புரதம் அது. 2020இல் பரவிய கோவிட் வைரஸின் ஆரம்ப வகையில் இருந்த ஸ்பைக் புரதம் சுண்டெலியின் ஏசிஇ2 ஏற்பியைச் சரியாகப் பிடிக்கவில்லை. அதனால் சாதாரண சுண்டெலியில் எவ்வளவு ஊற்றினாலும் நோய் வரவில்லை. பிறகு ஆல்ஃபா, பீட்டா வகைகளில் 501ஆம் இடத்தில் அஸ்பராஜின் போய் டைரோசின் வந்ததும் அதே சுண்டெலிக்குத் தொற்றத் தொடங்கியது. ஒரே ஒரு அமினோ அமிலம். மெர்ஸ் என்னும் இன்னொரு கொரோனா வைரஸில் தலைகீழாகச் செய்தார்கள். சுண்டெலியின் டிபிபி4 ஏற்பியில் 288, 330 ஆகிய இரண்டு இடங்களை மட்டும் மனித அமினோ அமிலமாக மாற்றியதும் தொற்று ஏறியது. இவற்றைப் படித்துவிட்டு, ஏற்பியின் வரிசையை ஒப்பிட்டாலே விலங்கைத் தேர்ந்துவிடலாம் என்று எண்ணத் தோன்றும். அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பன்றியின் ஏசிஇ2 கொரோனாவுக்குப் பொருந்தும் என்று செல் சோதனைகள் காட்டின. பன்றிக்கு மூக்கு வழியாக வைரஸைக் கொடுத்துப் பார்த்தபோது ஏறக்குறைய ஒன்றுமே நடக்கவில்லை. ஃபெரட்டுக்குத் தொற்றும் வாய்ப்புக் குறைவு என்று சில வரிசைக் கணிப்புகள் கூறின. ஃபெரட்டின் மூக்கில் வைரஸ் நன்றாகப் பெருகியது, பக்கத்துக் கூண்டு ஃபெரட்டுக்கும் பரவியது. வரிசை ஒப்பீடு ஒரு வடிகட்டி, அவ்வளவுதான். எந்த விலங்குகளை முதலில் சோதிக்கலாம் என்று வரிசைப்படுத்தவே அது உதவும்.

ஏற்பி பொருந்தியும் நோய் வராமல் போவதற்கு நிபாவே நல்ல உதாரணம். நிபா பிடிக்கும் எஃப்ரின்-பி2 என்னும் புரதம் மனிதன், பன்றி, வௌவால், சுண்டெலி எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கிறது. அப்படியிருந்தும் வளர்ந்த சாதாரண சுண்டெலிக்கு நிபா நோய் வருவதில்லை. கதவு திறந்திருக்கிறது, உள்ளே இன்டர்ஃபெரான் என்னும் காவல் வேலை செய்கிறது. அந்த இன்டர்ஃபெரான் ஏற்பியை நீக்கிய சுண்டெலிக்கு நிபா வந்துவிடுகிறது. ஜிகாவிலும் இதே நிலை. ஜிகாவின் என்எஸ்5 புரதம் மனிதச் செல்லில் உள்ள ஸ்டாட்2 என்னும் புரதத்தை அழித்து இன்டர்ஃபெரானை முடக்கும். சுண்டெலியின் ஸ்டாட்2வை அதால் தொட முடியாது. எனவே சாதாரணச் சுண்டெலி தப்பித்துக்கொள்கிறது. உங்கள் கல்லூரியின் சுவிஸ் ஆல்பினோ சுண்டெலி பல வைரஸ்களுக்கு ஏன் போதாது என்பதற்கு நேரடியான பதில் இந்த இரண்டு தடைகள்தான்: ஒன்று ஏற்பி, இன்னொன்று இன்டர்ஃபெரான். விஸ்டார் எலி நச்சுத்தன்மைச் சோதனைகளுக்கு நல்ல விலங்கு. புது வைரஸுக்கு அது முதல் தேர்வாக வருவது அபூர்வம்.

இன்டர்ஃபெரான் ஏற்பிகளை நீக்கிய சுண்டெலிகளில், குறிப்பாக ஏஜி129 வகையில், டெங்கு, ஜிகா மருந்துகளைச் சோதிக்கலாம். வைரஸ் பெருகும், மருந்து கொடுத்தால் குறைகிறதா என்று தெரியும். தடுப்பூசிக்கு அதை முழுதாக நம்ப முடியாது. நோய் எதிர்ப்பில் பாதியைக் கழற்றிவிட்டு, எதிர்ப்பு எப்படி உண்டாகிறது என்று அதிலேயே பார்ப்பது எப்படிச் சரியாகும்? இதற்கு ஓரளவு நல்ல மாற்று, சாதாரண சுண்டெலிக்குத் தடுப்பூசி போட்டு எதிர்ப்பு உருவாக விட்டு, வைரஸைக் கொடுக்கும் சமயத்தில் மட்டும் இன்டர்ஃபெரான் ஏற்பியை மறைக்கும் ஆன்டிபாடியைச் செலுத்துவது. இன்னொரு வழி, வைரஸையே சுண்டெலிக்குப் பழக்குவது. எபோலாவில் சுண்டெலிக்கும் கினிப்பன்றிக்கும் அப்படிப் பழக்கிய வைரஸ்கள் உண்டு. ஆனால் பழக்கிய வைரஸ் மரபணுவில் வேறு வைரஸ். அதில் கிடைத்த முடிவை இயற்கையில் பரவும் வைரஸுக்கு அப்படியே சொல்லிவிட முடியாது. அதற்குத் தனி உயிர்ப்பாதுகாப்பு அனுமதியும் வேண்டும்.

மாதிரி விலங்கு (மனிதனுக்குப் பதிலாக நோயைப் பார்க்க வைக்கும் விலங்கு) பற்றிய பேச்சில் மிக அதிகமாகத் தவறு நடக்கும் இடத்துக்கு இப்போது வருகிறேன். விலங்கு செத்தது என்றதும் நல்ல மாதிரி கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எதனால் செத்தது என்று பார்ப்பதில்லை. சார்ஸுக்காக உருவாக்கி 2007இல் வெளிவந்த கே18 சுண்டெலியில் மனித ஏசிஇ2 இருக்கிறது. கெரட்டின் 18 மரபணுவின் ஊக்கியின் (மரபணுவை இயக்கும் பகுதி) கீழ் அது உடலின் பல இடங்களில் வெளிப்படுகிறது. மூக்கில் கொரோனா வைரஸைச் சொட்டினால் நுரையீரல் அழற்சி வரும். ஐந்தாறு நாளில் எடை சரியத் தொடங்கும், ஒரு வாரத்தில் பல சுண்டெலிகள் செத்துவிடும். ஆனால் பல ஆய்வுகளில் அவற்றைக் கொன்றது நுரையீரல் இல்லை, மூளை. முகர்வு நரம்பு வழியாக வைரஸ் மூளைக்கு ஏறி அங்கே பெருகியிருந்தது. மனிதனில் கோவிட் கொன்ற விதம் அதுவல்ல. இப்போது இந்தச் சுண்டெலியில் ஒரு மருந்தைச் சோதிக்கிறீர்கள் என்று வையுங்கள். மருந்து நுரையீரலைச் சுத்தம் செய்துவிட்டது, மூளைக்குள் புகவில்லை. சுண்டெலி செத்துவிடும், நீங்கள் நல்ல மருந்தைக் குப்பையில் போடுவீர்கள். மூளைக்குள் புகும் வேறொரு மருந்து, நுரையீரலில் சுமாராக வேலை செய்தாலும் சுண்டெலியைக் காப்பாற்றிவிடும். நீங்கள் அதைக் கொண்டாடுவீர்கள். கியாசனூர் காட்டு நோயிலும் இதே சிக்கல் உண்டு. சுண்டெலிக்கு அது பெரும்பாலும் மூளைத் தொற்றாகவே முடிகிறது, மனிதனில் பிரதானமாகத் தெரிவது காய்ச்சலும் இரத்தக்கசிவும். அதனால் எந்த மாதிரியிலும் எடையையும் சாவையும் மட்டும் எழுதாதீர்கள். மூளை, நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் எல்லாவற்றிலும் உயிருள்ள வைரஸின் அளவையும் திசுக்கூறு மாற்றத்தையும் சேர்த்துப் பாருங்கள். நிபாவில் ஹாம்ஸ்டருக்குக் கொடுக்கும் அளவை மாற்றினாலே நோயின் முகம் மாறும்: அதிக அளவில் மூச்சுத்திணறல் முந்திக்கொள்கிறது, குறைந்த அளவில் நரம்பு அறிகுறிகள்.

சிரிய ஹாம்ஸ்டர் கொரோனாவுக்கு ஏன் பொருத்தமாக அமைந்தது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக ஒரு மாதிரியை எப்படி அளவெடுப்பது என்பது அதிலிருந்தே தெரியும். எந்த மரபணு மாற்றமும் இல்லாமல், மனிதரிடமிருந்து எடுத்த வைரஸையே ஏற்றுக்கொண்டது. இரண்டாவது முதல் நான்காவது நாளுக்குள் நுரையீரலில் வைரஸ் உச்சத்தைத் தொடும். ஆறாவது, ஏழாவது நாளில் எடை 10 முதல் 15 சதவீதம் வரை குறையும். பிறகு இரண்டு வாரத்துக்குள் தேறிவிடும். பக்கத்தில் விட்ட ஹாம்ஸ்டருக்குத் தொற்றும். நோயின் கடுமை கிழட்டு ஹாம்ஸ்டருக்குக் குட்டியைவிட அதிகம், ஆணுக்குப் பெண்ணைவிட அதிகம் என்பதுகூட மனிதனைப் போலவே இருந்தது. குறைகளும் உண்டு. சாகாது, ஆகவே உயிர் பிழைக்கும் வீதத்தை அளவுகோலாக வைக்க முடியாது. சுண்டெலிக்குச் சந்தையில் கிடைக்கும் எதிர்ப்புச் செல் குறியீட்டு ஆன்டிபாடிகளில் பெரும்பகுதி ஹாம்ஸ்டருக்கு ஒத்துவராது, டி செல்களைப் பிரித்துப் பார்க்க நினைத்தால் கை கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடும். வால் மிகக் குட்டையாக இருப்பதால் அதில் இரத்தம் எடுக்க வழியில்லை. 100 கிராம் ஹாம்ஸ்டரிடம் மொத்தம் ஏறத்தாழ 8 மி.லி. இரத்தம்தான் இருக்கிறது. ஒரு தடவையில் அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால், பிறகு நீங்கள் பார்க்கும் எடை இழப்பு வைரஸால் வந்ததா ஊசியால் வந்ததா என்று சொல்ல முடியாது. இன்னொன்று, ஒமிக்ரான் வந்ததும் அதே ஹாம்ஸ்டரில் எடை இழப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒரு வகை வைரஸுக்கு அமைந்த மாதிரி அடுத்த வகைக்கு மீண்டும் அளவெடுக்கப்பட வேண்டும்.

கைவேலையில் சிதறும் விஷயங்கள் சில. மூக்கில் சொட்டும்போது எவ்வளவு திரவம், மயக்கத்தில் இருந்ததா என்பதைப் பொறுத்து நோயே மாறும். விழித்திருக்கும் சுண்டெலிக்கு 20 மைக்ரோலிட்டர் கொடுத்தால் பெரும்பாலும் மூக்கிலேயே நின்றுவிடும், மயக்கத்தில் 50 மைக்ரோலிட்டர் கொடுத்தால் நுரையீரலுக்கு இறங்கும். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொட்டினால் ஒரே குழுவுக்குள்ளேயே இரண்டு நோய். சொட்டி முடித்ததும் மிச்சமிருக்கும் திரவத்தை அன்றைக்கே திரும்ப அளந்து பாருங்கள். குழாயில் எழுதியிருந்த அளவும் உண்மையில் போன அளவும் பத்து மடங்கு வித்தியாசப்படுவது அரிதல்ல. கட்டுப்பாட்டுக் குழுவுக்கு வெறும் உப்புநீர் கொடுக்காமல், வைரஸ் இல்லாத அதே செல்களின் திரவத்தை அதே அளவு, அதே மயக்கத்தில் கொடுக்க வேண்டும். ஈரோடு, கரூர் வெயிலில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கத் தாமதமானால் கூண்டறை 22 டிகிரியிலிருந்து 30ஐத் தாண்டிவிடும். அன்றைக்கு எல்லா விலங்கும் தீனியைக் குறைத்துக்கொள்ளும், எடைக் கோடு கீழே இறங்கும். அறை வெப்பத்தைப் பதிவு செய்யாதவர் அதையும் வைரஸ் கணக்கில் எழுதிவிடுவார்.

குப்பியில் சேமித்து வைத்த வைரஸையும் நம்பாமல் சோதித்துப் பார்க்க வேண்டும். கொரோனா வைரஸை வீரோ இ6 செல்லில் (குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வளர்த்த செல்) சில தடவை வளர்த்தாலே ஸ்பைக்கில் உள்ள ஃபியூரின் வெட்டுமிடம் (ஃபியூரின் என்னும் நொதி வெட்டும் இடம்) கழன்றுபோகும். அப்படிக் கழன்ற வைரஸ் ஹாம்ஸ்டரில் சோப்ளாங்கியாகத்தான் நடந்துகொள்ளும். விலங்குக்குத் தாங்கும் சக்தி உண்டு என்று எழுதிவிடுவீர்கள், குறை குப்பியில் இருந்திருக்கும். எனவே விலங்குக்குள் போகும் அதே குப்பியிலிருந்து மரபணு வரிசை எடுத்துப் பார்க்காமல் ஆரம்பிக்கக் கூடாது. அதேபோல, மூன்றாம் நாள் மூக்குத் துடைப்பில் ஆர்டி-பிசிஆர் பாசிட்டிவ் என்பதை வைத்துத் தொற்றிவிட்டது என்று சொல்லக் கூடாது. நீங்களே சொட்டிய வைரஸின் ஆர்.என்.ஏ. அங்கே கிடக்கலாம். பிளாக் சோதனையில் (செல் படலத்தில் வைரஸ் உண்டாக்கும் ஓட்டைகளை எண்ணும் முறை) உயிருள்ள வைரஸ், நாளுக்கு நாள் ஏறும் அளவு, இரண்டு மூன்று வாரம் கழித்து ஆன்டிபாடி என்று இவை ஒன்றையொன்று தாங்க வேண்டும்.

தொற்றின் வழி எவ்வளவு முக்கியம் என்பதற்குப் போலியோவைவிடக் கசப்பான பாடம் கிடையாது. 1908இல் லேண்ட்ஸ்டைனரும் பாப்பரும் போலியோவைக் குரங்குக்கு ஏற்றிக் காட்டினார்கள். அதற்குப் பின் நியூயார்க்கில் ஃப்ளெக்ஸ்னர் குழு ரீசஸ் குரங்கை வைத்தே வேலை செய்தது. ரீசஸுக்கு வாய் வழியாகப் போலியோ எளிதில் தொற்றாது, மூக்கு வழியாகத் தொற்றும். போதாததற்கு அவர்கள் பயன்படுத்திய வைரஸ் குரங்கு மூளையிலேயே திரும்பத் திரும்ப வளர்க்கப்பட்டது. ஆக, போலியோ மூக்கு வழியாக நேரே நரம்புக்கும் மூளைக்கும் போகிறது, இரத்தத்தில் சுற்றுவதில்லை என்ற முடிவு பல ஆண்டுகள் நின்றது. இரத்தத்துக்கே வராத வைரஸை ஆன்டிபாடி எப்படித் தடுக்கும் என்று தடுப்பூசி பற்றிய நம்பிக்கையும் மங்கியது. 1937இல் கனடாவின் டொராண்டோவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் மூக்கில் துத்தநாக சல்பேட் கரைசலைத் தெளித்தார்கள். நோயும் நிற்கவில்லை, சில குழந்தைகளுக்கு முகரும் திறனும் போனது. சைனோமால்கஸ் குரங்குக்கும் சிம்பன்சிக்கும் வாய் வழியாகத் தொற்றும் என்று தெரிந்து, நரம்பைத் தாக்கும் முன்பே வைரஸ் இரத்தத்தில் இருக்கிறது என்று 1952இல் போடியனும் ஹோர்ஸ்ட்மனும் தனித்தனியாகக் காட்டிய பிறகுதான் வழி தெளிந்தது. விலங்கு தப்பு, வழி தப்பு, வைரஸும் மூளைக்குப் பழகியது. மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்ததால் அவை ஒன்றையொன்று உறுதிப்படுத்துவதுபோல் தோன்றின.

நம் ஊர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம், முன்பே இருக்கும் எதிர்ப்பு. நாமக்கல் பகுதிக் குஞ்சுப் பொரிப்பகங்களில் கோழிக்குஞ்சு எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும், ஆனால் வைரஸ் சோதனைக்கு அவற்றை எடுக்க முடியாது. தாய்க்கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டிருப்பார்கள், அந்த ஆன்டிபாடி மஞ்சள்கரு வழியாகக் குஞ்சுக்கு வந்திருக்கும். வெள்ளைக்கழிச்சல் வைரஸின் வீரியத்தை அளக்கும் வழக்கமான சோதனையில், குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லாமல் வளர்த்த கூட்டத்தின் ஒரு நாள் குஞ்சுகள் பத்து எடுத்து, மூளைக்குள் செலுத்தி எட்டு நாள் பார்ப்பார்கள். சாதாரணமாக இருந்தால் 0, நோயுற்றால் 1, செத்தால் 2 என்று மதிப்பெண் போட்டுச் சராசரி எடுப்பார்கள். 0.7 அல்லது அதற்கு மேல் வந்தால் வீரியமுள்ள வைரஸ். பொரிப்பகக் குஞ்சில் இதைச் செய்தால் கொல்லும் வைரஸ்கூடச் சாதுவாகத் தெரியும். குரங்கிலும் இதே கதை. காட்டிலிருந்து வந்த குரங்குக்குக் காசநோய் இருக்கிறதா, சோதிக்கப்போகும் வைரஸுக்கோ அதன் உறவுக்கார வைரஸுக்கோ ஏற்கெனவே ஆன்டிபாடி இருக்கிறதா, பராமரிப்பவரைக் கொல்லக்கூடிய ஹெர்பிஸ் பி வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துத் தனிமையில் வைத்த பிறகே சோதனைக்கு எடுக்க வேண்டும்.

எண்ணிக்கையில் நடக்கும் ஏமாற்றத்தைக் கணக்கோடு சொல்கிறேன். கட்டுப்பாட்டுக் குழு முழுவதும் செத்து, தடுப்பூசிக் குழு முழுவதும் பிழைத்தால், ஐந்துக்கு ஐந்து போதும். ஃபிஷர் என்னும் புள்ளியியல் சோதனையில் பி மதிப்பு (தற்செயலாகவே இப்படி ஒரு வித்தியாசம் வரும் வாய்ப்பு) ஏறத்தாழ 0.008 வரும். ஆனால் வைரஸ் 60 சதவீத விலங்குகளை மட்டும் கொல்கிறது, தடுப்பூசி முழுதாகக் காக்கிறது என்று வையுங்கள். ஐந்துக்கு ஐந்து வைத்தால் அந்த நல்ல தடுப்பூசியை அடையாளம் காணும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். பத்துக்குப் பத்து வைத்தால் 83 சதவீதம். மாட்டுத் தோல் கழலை நோயில், நம்மாட்கள் லம்பி என்கிறார்களே, இந்தத் தொல்லை நேரடியாகத் தெரியும். அதற்கு நம்பகமான சிறு விலங்கு மாதிரி கிடையாது, கன்றிலேயே பார்க்க வேண்டும். ஒரே அளவு வைரஸைச் செலுத்தினாலும் ஏறக்குறைய பாதிக் கன்றுகளுக்குத்தான் உடம்பெல்லாம் கட்டி வருகிறது. நான்கு கன்றுக்குத் தடுப்பூசி போட்டு நான்கும் நன்றாக இருந்தன என்று யாராவது சொன்னால், தடுப்பூசி போடாத கன்றுகள் எத்தனை, அவற்றில் எத்தனைக்கு வந்தது என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள்.

குரங்கு எதற்கு என்ற கடைசிக் கேள்வி. குரங்கு மனிதனுக்கு நெருக்கம் என்பது பாதிப் பதில்தான். கொரோனாவில் ரீசஸ் குரங்குக்கு வந்த நோய் லேசானதாகவே இருந்தது. கடுமையான கோவிடைப் புரிந்துகொள்ள அது உதவவில்லை. ஆனால் தடுப்பூசி மூக்கிலும் நுரையீரலிலும் வைரஸை எவ்வளவு குறைக்கிறது, மனிதனுக்குப் போடும் அதே அளவு மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க உதவியது. கோவாக்சினுக்காகப் புனே தேசிய வைராலஜி நிறுவனம் 2020இல் ஹாம்ஸ்டரிலும், தலா ஐந்தாக நான்கு குழுக்களில் 20 ரீசஸ் குரங்குகளிலும் சோதித்தது இந்தக் காரணத்தால்தான். நிபாவுக்கு ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்குதான் மனித நோய்க்கு மிக நெருக்கம். அதில்தான் வங்கதேச வகை மலேசிய வகையைவிடக் கடுமை என்பதும், எம்102.4 என்னும் ஆன்டிபாடியை எத்தனை நாளுக்குள் கொடுத்தால் பலன் என்பதும் தெரிந்தன. எபோலா, நிபா போன்று எப்போது, எங்கே வரும் என்று தெரியாத கொடிய நோய்களுக்கு மனிதரில் பலனைச் சோதிக்கவே வழியில்லாமல் போகலாம். அதற்காக அமெரிக்கா 2002இல் விலங்கு ஆதாரத்தை வைத்தே அனுமதிக்கும் விதியைக் கொண்டுவந்தது. வழக்கமாக ஒன்றுக்கு மேற்பட்ட விலங்கில் பலன் தெரிய வேண்டும் என்று அது கேட்கிறது. ஆனாலும் குரங்கு எப்போதும் கடைசிதான். சிறு விலங்கில் பதில் கிடைக்கும் கேள்விக்குக் குரங்கைத் தொடுவது தவறு, செலவு என்பதால் மட்டுமல்ல.

எது உறுதி, எது இழுபறி என்று பிரித்தால் இப்படி வரும். ஏற்பி இல்லாமல் தொற்றில்லை, வழியும் அளவும் நோயை மாற்றும், ஆரம்பக் கட்டத்தில் ஒரே விலங்கை நம்பக் கூடாது என்பவை உறுதி. ஒரு விலங்கில் காத்த தடுப்பூசி மனிதனைக் காக்குமா என்பது இழுபறி. தொற்றைத் தடுப்பதைவிடக் கடும் நோயைத் தடுப்பதை விலங்குகள் ஓரளவு சரியாகக் காட்டுகின்றன என்பது என் எடைபோடல். தடுப்பூசியே நோயை மோசமாக்குமா என்பது அதைவிடக் கடினம். 1960களில் ஃபார்மலினால் செயலிழக்கச் செய்த ஆர்எஸ்வி (குழந்தைகளின் சுவாசப் பாதையைத் தாக்கும் வைரஸ்) தடுப்பூசி போட்ட குழந்தைகளில் பலருக்கு நோய் கடுமையாகி, இருவர் இறந்தனர். அந்தப் பாதிப்பைப் பிறகுதான் பருத்தி எலியில் மீண்டும் வரவழைத்துக் காட்ட முடிந்தது. நீண்டகாலப் பாதிப்பு, வயோதிகம், சர்க்கரை நோயோடு சேர்ந்த தொற்று போன்றவற்றுக்கு இருக்கும் மாதிரிகள் எதுவும் திருப்திகரமாக இல்லை.

உங்கள் கல்லூரியில் என்ன செய்யலாம்? பேர் தெரியாத வைரஸை வைத்து எதுவும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. நிபா என்றால் உயிர்ப்பாதுகாப்பு நிலை 4 (மிகக் கடுமையான பாதுகாப்பு) ஆய்வகம் வேண்டும், அதற்குப் புனே நிறுவனம் போன்ற இடம்தான். ஆனால் முன்வேலையில் பெரும்பகுதி கணினியிலும் சாதாரண செல் வளர்ப்பு அறையிலும் நடப்பது. ஏற்பி வரிசைகளை எடுத்து வைரஸ் தொடும் இடங்களை விலங்குவாரியாக அடுக்கிப் பார்ப்பதை ஒரு மாணவர் ஒரு பருவத்தில் முடிக்கலாம். ஆபத்தில்லாத வைரஸில் பிளாக் சோதனை, ஆன்டிபாடி நடுநிலையாக்கும் சோதனை இரண்டையும் கைக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள். கோழி வைரஸில் ஆர்வம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்காரர்களிடம் பேசலாம். ரேபிஸ் தடுப்பூசியில் சுண்டெலியை எப்படிப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள குன்னூர் பாஸ்டர் நிறுவனம் மலை ஏறினால் பக்கம்தான். உங்கள் சுவிஸ் ஆல்பினோவும் வீணில்லை. தடுப்பூசிப் பொருளுக்கு ஆன்டிபாடி உருவாகிறதா என்று பார்க்க ஏற்பியும் வேண்டாம், வைரஸும் வேண்டாம். அதற்கும் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவிடம் படிவம் பி கொடுத்து அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும். மாடு, நாய், குரங்கு போன்ற பெரிய விலங்கென்றால் மனு மத்தியக் குழுவுக்குப் போகும். அந்தப் படிவத்தில் ஏன் இந்த இனம், ஏன் இத்தனை என்று கேட்கும் இடத்தைத்தான் எல்லோரும் வேறு யாரோ எழுதியதைப் பார்த்து நிரப்புகிறார்கள். ஏற்பி, இன்டர்ஃபெரான், வழி, எதனால் சாகிறது, எத்தனை விலங்கு என்று மேலே சொன்னவற்றை உங்கள் வைரஸுக்கு எழுதிப் பார்த்து அந்தக் கட்டத்தில் போடுங்கள். எந்தக் கட்டம் காலியாக நிற்கிறதோ அதற்குத்தான் முதல் சிறு சோதனையை, மூன்று நான்கு விலங்குகளோடு, திட்டமிட வேண்டும்.